வெட்கமும் அவசரமும்

நெஞ்சில் ஒரு குத்தல் கண்டால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களும், கண்ணில் சிறிது மங்கல் தட்டினால் மறுநாளே கண் வைத்தியரைத் தேடுகிறவர்களும், தோலில் ஏதேனும் ஒன்று தோன்றிவிட்டால் மட்டும் முதலில் கண்ணாடியையும், அடுத்து அண்டை வீட்டாரையும், அதற்கும் அடுத்து மருந்துக்கடைக்காரரையும், எல்லோரும் கைவிட்ட பிறகே வைத்தியரையும் கலந்தாலோசிப்பது நம்மிடையே வெகுகாலமாக நிலவிவரும் வழக்கம். தோல் கண்ணுக்குத் தெரிகிற உறுப்பாதலால், அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவும் கைமருந்து கூறவும் தமக்கு யோக்கியதை உண்டென்று ஒவ்வொருவரும் கருதுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற உறுப்பாயிருக்கிற அதே காரணத்தால், அதில் வந்த நோயைப் பிறர் காணாதபடி மறைத்துக்கொள்ளவும் விரும்புகிறார்கள். முன்னதால் அவசரமும் பின்னதால் வெட்கமும் பிறக்கின்றன. தோல் நோய்களில் எளிதாகத் தீர்ந்திருக்க வேண்டியவை பல தீராமற்போவதற்கு இவ்விரண்டே பெரும்பாலும் காரணமாகின்றன என்பதை மலேசியாவின் பினாங்குத் தீவினது சரித்திரத்தையும் அதன் இன்றைய வாழ்க்கையையும் கொண்டே விளக்கிவிடலாம்.

பினாங்குப் பாலத்தின் வழியாகத் தீவுக்குள் வருகிறவர் தெற்கே பார்வையைச் செலுத்தினால், பெரிய தீவின் கிழக்குக் கரையை ஒட்டினாற்போல் காடடர்ந்த ஒரு சிறு தீவைக் காண்பார். ஜெரெஜாக் என்னும் அத்தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் தொழுநோயாளர்களை ஒதுக்கி வைப்பதற்காக ஓர் இல்லம் கட்டப்பட்டது. அதே காலத்தில் அங்கே, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சீனத் துறைமுகங்களிலிருந்தும் கப்பலேறி வந்த தொழிலாளர்களைச் சில நாள் தடுத்து வைத்துத் தொற்றுநோய் இல்லையென்று கண்ட பின்னரே கரையேற விடுகிற தடுப்புக்காவல் நிலையமும் இருந்தது. ஆகவே, தோட்டத்து வேலைக்காக இந்நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்த நம் முன்னோரில் பலர் ஜார்ஜ் டவுனின் கடைவீதிகளைக் காணுமுன் ஜெரெஜாக்கின் கொட்டகைகளைக் கண்டார்கள். மேனியில் ஒரு தழும்போ தடிப்போ இருந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தையும் அங்கேயே கற்றார்கள். 1930-இல் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் தொழுநோயாளர்களுக்கென்று ஒரு பெரிய குடியிருப்பு ஏற்பட்டது. சிறைக்கூடம் போன்ற ஒதுக்கிடங்களைக் கண்டு மனம் நொந்த டாக்டர் டிராவர்ஸ் என்பவரின் முயற்சியால், வீடும் தோட்டமும் கடையும் கோயிலும் உள்ள ஊராகவே அது அமைந்தது. ஜெரெஜாக்கோ பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, குற்றவாளிகளின் சிறைத் தீவாயிற்று. நோயாளியையும் குற்றவாளியையும் ஒரே தீவில் முன்னும் பின்னுமாக வைத்த அந்தச் சரித்திரத்தின் நிழல், தோலில் ஒரு மாசு கண்டதும் முழுக்கைச் சட்டையைத் தேடுகிற நம் மனத்தில் இன்னும் படிந்திருக்கிறது.

அந்த அச்சத்திற்கு அடிப்படையாயிருந்த நிலைமை இன்று முற்றிலும் மாறிவிட்டது. தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே தேசத்து ஹான்சன் 1873-இலேயே கண்டறிந்திருந்தபோதிலும், அதைக் கொல்லும் மருந்து அகப்பட அதன்பின் எழுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியாகச் செலுத்துவதே உலகெங்கும் முக்கியமான சிகிச்சையாயிருந்தது. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. அக்காலத்திலேயே வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் நோயினால் தாமாகவே உதிர்வதில்லை, உணர்ச்சி இழந்த விரல்களை அவர் தம்மையறியாமல் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் இருப்பதாலேயே அவை சிதைகின்றன என்னும் உண்மையை நிலைநாட்டி, மடங்கிப்போன கைகளை ரண சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறைப்படி, நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை சாப்பிட்டால் நோய் பூரணமாகக் குணமாகிறது. சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திற்குள்ளேயே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றும் சக்தியும் அற்றுப்போகிறது. ஆதலால் நிறம் வெளுத்தோ சிவந்தோ காணும் ஒரு படையில் சூடும் குளிரும் தொடுவதும் தெரியாமலிருந்தால், அதை மறைப்பதற்கு யாதொரு நியாயமும் இல்லை. உடனே காட்டுவதற்கு எல்லா நியாயமும் உண்டு. பால் வெள்ளையாகப் படர்கிற வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெண்புள்ளியில் உணர்ச்சி குறைவதில்லை. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை. நிறமளிக்கும் அணுக்களை உடலின் பாதுகாப்புச் சக்தியே தாக்கி அழிப்பதால் வருவது அது.

தோல் வைத்தியர் என்பவர் முகப்பருவுக்கும் தேமலுக்கும் களிம்பு எழுதிக் கொடுப்பவர் மாத்திரமே என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது; அது தவறு. வயது வந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்துப் பரப்பினால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை வரும். உடலிலேயே மிகப் பெரிய உறுப்பு அதுதான். அதன் மேலடுக்கு சுமார் ஒரு மாதத்திற்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. இந்தத் தோலோடு, அதன் உறுப்புகளாகிய முடியும் நகமும், வாய் முதலிய இடங்களின் மெல்லிய சவ்வுகளும் இவ்வைத்தியரின் அதிகாரத்திற்கு உட்பட்டவை; மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பால்வினை நோய்களைக் கவனிப்பதும் இதே துறைதான். எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்று, பயிற்சிக் காலத்தை முடித்து, பொது மருத்துவத்தில் மேல்தகுதி அடைந்து, அதற்கும் மேல் சில ஆண்டுகள் தோலை மட்டுமே பயின்ற பிறகுதான் ஒருவர் நிபுணர் என்னும் பெயருக்கு உரியவராகிறார்.

அவருடைய அறையில் நடப்பது பார்வைக்கு மிகச் சாதாரணமாகவே இருக்கும். கையில் அரிப்பென்று வந்தவரின் கால் விரலிடுக்குகளையும் அவர் பார்ப்பார். முழங்கையில் செதிலென்று வந்தவரின் தலைமயிரை விலக்கி நோக்குவார், நகங்களில் ஊசிக்குத்து போன்ற குழிகள் உண்டாவென்று திருப்பிப் பார்ப்பார், காலையில் எழுந்ததும் மூட்டு விறைக்கிறதா என்று கேட்பார். அத்தகைய செதிலை உண்டாக்கும் காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) தோலோடு நில்லாமல் மூட்டுகளையும் பற்றக்கூடியது என்பது அவருக்குத் தெரியும். அரிப்பு இரவில் மிகுகிறதா, வீட்டில் வேறு யாருக்கேனும் உண்டா, செய்கிற தொழில் என்ன, புதிதாகச் சாப்பிடத் தொடங்கிய மாத்திரை என்ன என்று விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் அவர் கேட்கிற கேள்வியில்தான் பெரும்பாலும் சிக்கல் வெளிப்படும்.

“இதுக்கு முன்னாடி என்னம்மா பூசினீங்க?”

“ஒண்ணுமே பூசல டாக்டர். தங்கச்சி ஒரு கிரீம் கொடுத்தா, அத மட்டும்தான் பூசினேன். அப்புறம் மருந்துக்கடையில ஒரு டியூப். அப்புறம் வேப்பெண்ணெய்.”

இத்தகைய உரையாடல் நடக்காத தோல் சிகிச்சை நிலையம் உலகத்தில் எங்கேனும் இருக்குமா என்பது சந்தேகமே. கண்ணால் கண்டு தீர்மானிக்க முடியாதபோது அவர் கருவிகளை நாடுகிறார். மச்சத்தையும் புள்ளியையும் பெரிதாக்கிக் காட்டும் ஒளி பொருந்திய கைக்கண்ணாடி ஒன்று உண்டு. வட்டப் படையின் ஓரத்தைக் கத்தி விளிம்பால் வலியின்றிச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு துளி விட்டுச் சில நிமிஷம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சையின் இழைகள் கிளைவிட்டு ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். ஒவ்வாமைக்குக் காரணம் இன்னதென்று அறிய, சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு சிறு பட்டைகளாக முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மீண்டும் ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பதும் உண்டு. இவை எவற்றாலும் விளங்காவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்திற்குத் தோலில் ஒரு துணுக்கெடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள்.

பினாங்கு போன்ற கடற்கரைப் பட்டணத்தில், ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நிற்க, காற்றில் ஈரமும் குறையாதிருக்க, வேர்வை உலராத இடங்களிலெல்லாம் பூஞ்சை குடியேறுவது இயற்கை. மார்பிலும் முதுகிலும் வெளிறிய திட்டுகளாய் வரும் தேமலும், தொடையிடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் வளையமாய்ப் படரும் படர்தாமரையும் அப்படி வருபவை. இவற்றில் படர்தாமரை, சரியான மருந்தைச் சொன்ன காலம் வரை பூசினால் ஒழிந்துவிடக்கூடியது. ஆயினும் நடப்பது வேறு. அரிப்புத் தாளாமல் ஒருவர் மற்றவர் சொன்ன டியூபை வாங்கிப் பூசுகிறார். அதில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது, அல்லது ஸ்டீராய்டு மட்டுமே இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுவதால் அது அற்புத மருந்தென்று அவர் நம்பிவிடுகிறார். அடுப்பை அணைக்காமல் சன்னலைத் திறந்து புகையை மாத்திரம் வெளியேற்றியது போன்ற காரியந்தான் அது. அழற்சியை அடக்குகிற ஸ்டீராய்டு, பூஞ்சையை எதிர்க்கிற உடலின் சக்தியையும் சேர்த்து அடக்கிவிடுவதால், மருந்தை நிறுத்தியதும் படை இரு மடங்காகப் பரவுகிறது. இன்னும் கெடுதியானது, அதன் வளைய வடிவமும் செதில் ஓரமும் அழிந்துபோய், பழகிய கண்ணுக்கும் அடையாளம் தெரியாத உருவத்தை அது அடைந்துவிடுவது. தோலும் மெலிந்து, தொடையிடுக்கில் மாறாத கோடுகள் விழுகின்றன. இந்தியாவில் இக்களிம்புகள் மிட்டாய்போல் விற்கப்பட்டதன் விளைவாகப் பிடிவாதமான படர்தாமரை நாடெங்கும் பெருகிய பிறகு, 2018-இல் அந்நாட்டு அரசாங்கம் இவற்றை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாதென்று விதி செய்தது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷமென்று எண்ணுவதும் தவறு. குழந்தையின் முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கரப்பான் கொழுந்துவிட்டு எரியும்போது, தகுந்த வீரியமுள்ள ஸ்டீராய்டைத் தகுந்த நாள்களுக்குப் பூசுவதே அதன் தூக்கத்தையும் தாயின் தூக்கத்தையும் மீட்டுத் தருகிறது. அதற்கு அஞ்சி, பாலையும் முட்டையையும் மீனையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பிள்ளையை மெலியச் செய்வோர் பலர். எந்த மருந்து, எவ்விடத்தில், எத்தனை நாள் என்பதை அறிந்தவர் சொல்ல வேண்டும் என்பதே விஷயம். அளவுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு: சுட்டுவிரலின் நுனிக் கணு முழுவதும் பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம், அது விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதுமானது.

சிரங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோலுக்குள் சுரங்கமிட்டு முட்டையிடுகிற கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியால் வருவது அது. விடுதிகளிலும், ஓர் அறையில் பலர் தங்குகிற தொழிலாளர் குடியிருப்புகளிலும், முதியோர் இல்லங்களிலும் அது எளிதாகப் பரவுகிறது. விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் நமைச்சல் மிகுந்து, வீட்டில் இன்னொருவரும் சொறியத் தொடங்கினால் இதையே முதலில் நினைக்க வேண்டும். கழுத்து முதல் பாதம் வரை, நமைச்சல் இல்லாத இடத்திலும், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில் மருந்து பூசிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூசி, துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் வெந்நீரில் துவைத்தாலன்றி அது வீட்டைவிட்டுப் போகாது. வெட்கப்பட்டு ஒருவர் மட்டும் இரகசியமாகப் பூசிக்கொள்வதனால்தான் மாதக்கணக்கில் அது வட்டமிடுகிறது.

தொழிலும் பழக்கமும் தோலில் எழுதுகிற எழுத்துகள் வேறு வகை. பினாங்கின் பெருமைகளில் ஒன்றாகிய நாசி கண்டார் கடைகளின் பின்கட்டில் நாளெல்லாம் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கைவிட்டுத் தட்டுக் கழுவுகிறவரின் விரல்கள் வெடித்து எரிவதும், சிமெண்டு குழைக்கிற கொத்தனாரின் புறங்கை தடித்துப்போவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. சிமெண்டில் கலந்துள்ள குரோமியம் உப்பு பின்னதற்குக் காரணம். கவரிங் நகையிலுள்ள நிக்கல், காதுமடலிலும் கழுத்திலும் அரிப்பை உண்டாக்கும். நரைக்குப் பூசும் கறுப்புச் சாயத்திலுள்ள பாராபினைலின்டையமின் என்னும் பொருள், பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாதிருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று கண்ணிமைகளையும் நெற்றியையும் வீங்கச் செய்துவிடும். நெற்றியில் ஒட்டுப்பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாகத் தோல் வெளுத்துப்போவதைப் பார்த்துத் திகிலடைகிற பெண்கள் உண்டு. பொட்டின் பின்புறத்துப் பசையிலுள்ள ஓர் இரசாயனம் அங்குள்ள நிறமணுக்களைக் கொல்வதால் நேர்வது அது. ஒட்டுப்பொட்டை நிறுத்துவதே அதற்கு முதல் சிகிச்சை.

சில சமயங்களில் தோல் பேசுவது தன்னைப் பற்றியே அன்று. பிடரியும் அக்குளும் கறுத்து, வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருந்தால், எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அது போகாது. அழுக்கென்று தேய்க்கிற அந்தக் கருமை, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறியாயிருப்பது பெரும்பான்மை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்ததென்பதையும், இனவாரியாக இந்தியரிடையே அது மிக அதிகமென்பதையும் நினைவிற் கொண்டால், பள்ளிக்கூடப் பிள்ளையின் கழுத்துக் கருமையைக் கண்டு ஸ்கிரப் வாங்குவதைவிட அதன் இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிப்பது புத்திசாலித்தனம் என்பது விளங்கும். தடிப்பேதும் இன்றி உடல் முழுவதும் விடாமல் அரித்தால் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ தைராய்டையோ சந்தேகிக்க வேண்டியிருக்கலாம். டெங்குக் காய்ச்சலோ பிரசவமோ கழிந்து இரண்டு மூன்று மாதம் சென்றபின் முடி கொத்துக் கொத்தாக உதிர்வது, பட்ட சிரமத்தை உடல் தாமதமாகத் தெரிவிப்பது. அது பெரும்பாலும் தானே சரியாகும். தலையில் நாணயம்போல் வட்டமாக வழுக்கை விழுகிற புழுவெட்டில் புழு ஏதும் இல்லை. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் அதை வைத்தியரிடம் காட்டுவதே நலம்.

அவசரத்தின் மிகப் பெரிய பலி மாநிறத்தவர்களின் முகந்தான். சிவந்த மேனியின் மேல் நமக்குள்ள மோகத்தை நம்பியே பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கடைகளிலும் கைப்பேசி விற்பனையிலும் ஒரு வியாபாரம் நடக்கிறது. ஒரு வாரத்தில் முகம் வெளுக்குமென்று விற்கப்படும் டப்பாக்களில், பாதரசமும், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், பெட்டாமெத்தசோன் ஆகிய மருந்துகளும் இரகசியமாகக் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் மீண்டும் மீண்டும் தடைசெய்து அறிவித்து வருகிறது. பாதரசம் தோலின் வழியே உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். அழகுப் பொருளுக்கு நாட்டில் அறிவிப்பு எண் உண்டு. பெட்டியின் மேல் தயாரித்தவர் முகவரியோ உட்பொருள்களின் பட்டியலோ இல்லாத டப்பா, எவ்வளவு வேண்டியவர் கொடுத்தாலும் முகத்துக்கு உரியதன்று. அழகு நிலையத்தில் ஊசி போடுவதும் லேசர் காட்டுவதும் வைத்தியரின் வேலையை வைத்தியரல்லாதார் செய்வது. 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார நிலையச் சட்டம் பதிவுபெறாத இடங்களில் வைத்தியம் செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. கன்னத்து மங்குக்கும் பரு விட்டுச் சென்ற கறைக்கும் வெயில் தடுப்புக் களிம்பும், தகுந்த மருந்தும், சில மாதப் பொறுமையுமே வழி. ஒரு வாரத்தில் வெளுப்பது எதுவாயினும் அதை அஞ்ச வேண்டும்.

இனி, பொறுத்திருக்கக் கூடாத சில நிலைமைகள். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்திற்கான அல்லோபியூரினால், வலிப்புக்கான கார்பமசெபின், சல்பா வகைக் கிருமிநாசினி முதலியவற்றில் ஏதேனும் ஒன்றைப் புதிதாகத் தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சலும், கண்ணெரிச்சலும், வாய்ப்புண்ணும், தோலில் கறுஞ்சிவப்புத் திட்டுகளும் கொப்புளமும் தோன்றினால், வெளிப்பிரிவுச் சீட்டுக்காகக் காத்திராமல், உட்கொண்ட மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கே போய்விட வேண்டும். 1922-இல் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் இரு வைத்தியர்கள் விவரித்த அந்நோயில் வெந்தாற்போல் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்து நேரும். உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறுவதும், கால் சிவந்து சூடாகி மணிக்கு மணி சிவப்பு ஏறுவதும் அதே அவசரத்தைச் சேர்ந்தவை. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் காணும் அக்கிக்கு, ஊரில் குயவரிடம் சென்று காவியைக் குழைத்து இறகால் எழுதிக்கொள்வது நம் பாட்டிமார் வழக்கம். சின்னம்மை வைரசு நரம்பில் உறங்கியிருந்து விழிப்பதால் வரும் அந்நோய்க்கு, கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பலன் மிகுதி. நெற்றியிலோ கண்ணோரத்திலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் வைத்தியரையும் அன்றே பார்க்க வேண்டும். கறுத்த தோலுக்குப் புற்று வராதென்ற நம்பிக்கையும் முழுமையாக உண்மையன்று. நம்மவர்க்கு அது வருவதாயின் வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரக்கூடும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977-இல் கண்டறியப்பட்ட கரும்புற்று நான்கே ஆண்டுகளில், 36-ஆம் வயதில், அவரைக் கொண்டுபோயிற்று. ஒரே நகத்தில் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோடு, உள்ளங்காலில் வடிவமும் நிறமும் மாறுகிற மச்சம், ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறாத புண் ஆகியவை இருந்தால் உடனே காட்டுவது கடமை.

இவ்வளவு அவசரமில்லாத தோல் நோய்களுக்குப் பினாங்கில் வழி எளிது. அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மலேசியக் குடிமகனுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். அங்கே இருக்கிற வைத்தியர் பெரும்பாலான தோல் நோய்களைத் தாமே தீர்த்துவிடுவார். தீராதவற்றுக்கு அவர் தரும் கடிதத்தோடு, 1882-இல் தொடங்கி ரெசிடென்சி சாலையில் இயங்கிவரும் பினாங்குப் பொது ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குச் செல்லலாம். நிபுணரைக் காணும் கட்டணமும் சொற்பமே. முறைநாளுக்காகக் காத்திருக்க நேரிடலாம் என்பதே அங்குள்ள ஒரு குறை. தனியாரிடம் போகிறவர்கள், பலகையில் தோல் என்ற சொல் இருப்பதைக் கொண்டே மயங்காமல், அந்த வைத்தியரின் பெயர் தேசிய நிபுணர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரம் தக்க மருந்து பூசியும் குறையாதது, குறைந்து குறைந்து திரும்பி வருவது, தழும்பு விடுகிற பரு, வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிற அரிப்பு, இன்னதென்று பெயர் சொல்லத் தெரியாத எந்த மாறுதலும் ஆகிய இவை நிபுணரிடம் போவதற்குப் போதுமான காரணங்கள்.

போகும் நாளில் செய்ய வேண்டியவை அற்பமானவையே என்றாலும் பலன் பெரிது. அன்று காலை அந்த இடத்தில் மருந்தோ மஞ்சளோ எண்ணெயோ பூச வேண்டாம். முகப்பூச்சும் நகச்சாயமும் வேண்டாம். தோன்றித் தோன்றி மறைகிற தடிப்பாயின், அது கண்ட வேளையில் நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பது நல்லது. இதுவரை பூசிய டியூபுகளையும், தங்கை கொடுத்தது உள்பட, சாப்பிடுகிற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். நாட்டு மருந்தையும் சீன மருந்தையும் மறைக்க வேண்டியதில்லை, அவற்றைச் சொன்னால் வைத்தியர் கோபிப்பார் என்று அஞ்சவும் வேண்டாம். மறைவிடத்தில் நோயாயின், ஆண் வைத்தியரிடம் காட்டப் பெண்கள் தயங்கினால், பெண் தாதி ஒருவர் உடனிருக்க வேண்டுமென்று கேட்பது அவர்கள் உரிமை. வெட்கத்தை வாசலில் விட்டு, அவசரத்தை வீட்டிலேயே விட்டுச் செல்கிற நோயாளிக்கு வைத்தியர் ஒருமுறை பார்த்துச் சொல்வது, பத்துப் பேர் பத்து மாதம் சொன்ன யோசனையைவிட மலிவாகவும் முடியும், விரைவாகவும் முடியும்.